எதனால சரியாச்சுங்க?

அவருக்கு ஒரு சமயம் பத்து நாள் வயிற்று வலி இருந்தது. அந்தப் பத்து நாளும் அவர் டாக்டரிடம் போகவில்லை. பதினோராம் நாள் காலையில் எழுந்தபோது வலி இல்லை. அன்றைக்குத்தான் போனார். "வலி போயிருச்சுங்க. எதனால போச்சுன்னு பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார். டாக்டர் சிரித்துவிட்டு, போனது போகட்டும், வீட்டுக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார். அவர் வீட்டுக்குப் போகவில்லை. நாமக்கல்லிலிருந்து பஸ் ஏறிச் சேலத்துக்கு வேறொரு டாக்டரைப் பார்க்கப் போனார்.

இதை என்னிடம் சொன்னது அவர் மனைவி. ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். "ஒரு நாள் குழம்பு நல்லாருக்குதுன்னாரு. அதோட உட்டிருந்தா நானும் சந்தோசப்பட்டிருப்பேன். எதனால நல்லாருக்குது, நேத்து என்ன போட்ட, இன்னைக்கு என்ன போட்டன்னு ஒரே கேள்வி. எனக்கு எங்கீங்க தெரியும்? அன்னையிலிருந்து அவரு சாப்புடறப்ப நான் அடுப்படிக்குள்ள போயி நின்னுக்குவேன்." அவர் மனைவிக்கு இதில் வருத்தம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. இன்னொரு அப்பளம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அவர் பழைய லேப்டாப்புகளைச் சரிசெய்து விற்பவர். ஊர் எல்லையில், தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டி ரீட்ரேடிங் செய்யும் பட்டறைக்கு மேல் மாடியில் ஓர் அறை. வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. அதற்கு முன் பல வருடம் போர்வெல் ரிக் லாரிகளோடு வெளி மாநிலங்களுக்குப் போய் கம்ப்ரசர் பார்த்தவர். கம்ப்ரசரிலிருந்து கம்ப்யூட்டருக்கு எப்படி வந்தார் என்று கேட்டால், "ரெண்டும் சத்தம் போட்டா ஒரு காரணம் இருக்குமுங்க, சத்தம் போடலைன்னாலும் ஒரு காரணம் இருக்குமுங்க" என்பார்.

ரிப்பேருக்கு வந்த பொருள் ஓடாவிட்டால் அவர் நிதானமாக இருப்பார். டீ குடிப்பார். எதனால் என்று தெரியாமல் திடீரென்று ஓட ஆரம்பித்துவிட்டால்தான் டீ ஆறிப்போகும். கொடுத்தவர்கள் மாடியேறி வந்து சண்டை போடுவதை நானே ஒரு முறை பார்த்தேன்.

"ஓடுதில்லீங்க? குடுங்க, நான் எடுத்துட்டுப் போறேன்."

"ஓடுதுங்க. அதுதாங்க பிரச்சனை. எதனால சரியாச்சுன்னு தெரியலீங்களே."

"அது உங்க பிரச்சனைங்க. எனக்கு ஓடுனாப் போதும்."

"இன்னைக்கு எதனால ஓடுதுன்னு தெரியலைன்னா, நாளைக்கு எதனால நிக்குதுன்னும் தெரியாதுங்க."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அவர் மாடிக்குக் கீழே, பட்டறையை ஒட்டி இருந்த டீக்கடையில் நின்றுபோன குளிர்பெட்டி ஒன்று இருந்தது. டீக்கடைக்காரர் கோபத்தில் ஒரு தட்டுத் தட்டினார், அது ஓட ஆரம்பித்தது. எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் ஸ்குரூ டிரைவரோடு கீழே இறங்கி வந்தார். அன்று மாலைக்குள் குளிர்பெட்டி எண்பது துண்டாகத் தரையில் கிடந்தது. காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார் என்றும், துண்டுகளைச் சேர்க்கத் தேவையான ஒரு சாமான்தான் கடையில் கிடைக்கவில்லை என்றும் சொன்னார்கள். அதன் பிறகு அவருக்கு டீ மேலேயே அனுப்பப்பட்டது. கடைக்குள் விடவில்லை.

நான் அப்போது நாமக்கல்–சேலம் சாலையோரம் லாரிகளுக்கும் பஸ்களுக்கும் பாடி கட்டும் பட்டறையில் ஆபீஸ் வேலை பார்த்தேன். பன்னிரண்டாவது வரை படித்தவள். தெரிந்த வேலையைச் செய்வேன், கேட்டால் பதில் சொல்வேன். தகரக் கொட்டகையில் வெல்டிங் சத்தம் நாள் முழுவதும் இருக்கும் என்பதால் நான் பேசாதது யாருக்கும் குறையாகப் படவில்லை.

சாலையை அகலப்படுத்தும்போது எங்கள் இன்டர்நெட் வயரை வெட்டிவிட்டார்கள். மாதக்கணக்கில் யாரும் வந்து ஒட்டவில்லை. முதலாளி அவரிடம் போனார். பெங்களூர்க் கம்பெனி ஒன்று பயன்படுத்திவிட்டு விற்ற லேப்டாப் அவரிடம் இருந்தது. அதன் பக்கவாட்டிலேயே சிம் போட ஒரு துளை. உள்ளே மோடம். போனில் வருவது போலவே இதிலும் நெட் வரும், வயர் வேண்டாம். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக் கொடுத்தார். முதலாளி அதை ஆபீஸுக்கு வருகிறவர்களிடமெல்லாம் தூக்கிக் காட்டினார். "வயரே இல்லை பாருங்க. வைரஸும் வராதாமாங்க."

நான்கு மாதம் நன்றாகவே ஓடியது. எப்போதாவது நெட் விட்டுப்போகும். நான் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் வந்துவிடும். அவர் ஒரு நாள் அந்தப் பக்கமாகப் போனவர் எட்டிப் பார்த்து, "எப்படீங்க அம்மிணி ஓடுது?" என்றார். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று நான், "அப்பப்பக் கட்டாகுமுங்க. அப்பறம் தானா வந்துருமுங்க" என்றேன்.

அவர் கிளம்புவதற்காக மொபெட்டில் ஒரு காலைப் போட்டிருந்தார். அந்தக் காலை எடுத்துவிட்டார்.

"தானாவுங்களா?"

எனக்கு டீக்கடைக் குளிர்பெட்டி ஞாபகம் வந்தது. ஆனால் அதற்குள் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார். முதலில் கண்ணில் பட்டது சிம் துளையில் காய்ந்திருந்த சந்தனம். ஆயுத பூஜை அன்று எங்கள் மேஸ்திரி வெல்டிங் மிஷின், கம்ப்ரசர், சுத்தியல், டீ கேன் என்று எதையும் விடாமல் பொட்டு வைத்துக்கொண்டு வந்தவர், லேப்டாப்புக்கு எங்கே வைப்பது என்று யோசித்து, சரியாக அந்தத் துளையின் மேல் வைத்திருந்தார். வந்து உட்கார்ந்தவர் பல்குச்சியால் சந்தனத்தைச் சுரண்டி எடுத்து ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்தார். "இல்லீங்க. இவரு சந்தேகத்துல புடிச்சவரு. பூசைக்கு முன்னாடியும் கட்டாகியிருக்குது" என்று விடுதலை செய்தார்.

பிறகு மோடத்துக்குள்ளேயே ஒரு சின்ன மென்பொருள் உண்டு, அதற்கு ஃபர்ம்வேர் என்று பெயர், இதில் இருப்பது பழசு, அதனால்தான் விட்டு விட்டுப் போகிறது, புதுசு ஏற்றிவிட்டால் காரணம் தீர்ந்தது என்றார். ஏற்றினார். அன்றிலிருந்து நெட் விட்டு விட்டுப் போவது நின்றது. வருவதும் நின்றுவிட்டது.

இது நடந்தது ஒரு புதன்கிழமை மாலை. வியாழக்கிழமை மூன்று மணிக்குள் நான் ஒரு டெண்டர் அனுப்ப வேண்டியிருந்தது. ஒரு கல்லூரிக்குப் பத்து பஸ்ஸுக்குப் பாடி கட்டும் வேலை. பன்னிரண்டு வரைபடங்களை அவர்கள் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். அந்த வேலை கிடைக்காவிட்டால் இரண்டாம் கொட்டகையை மூடிவிடுவது என்று முதலாளி முடிவு செய்திருந்தார். இரண்டாம் கொட்டகை என்றால் மேஸ்திரியும் எட்டுப் பேரும். ஆபீஸுக்கும் ஆள் வேண்டியிருக்காது. முதலாளி அன்று சேலத்தில் இருந்தார்.

வியாழன் காலை ஒன்பது மணிக்கே ஃபர்ம்வேர் ஏற்றியவர் வந்துவிட்டார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக ஏதேதோ அடித்தார். "சிம்மைப் படிக்குதுங்க. மோடமும் தெரியுதுங்க. ரேடியோ மட்டும் எந்திரிக்க மாட்டேங்குது. எந்திரின்னா, மாட்டேன்னு சொல்லுது. எதனால மாட்டேன்னு சொல்ல மாட்டேங்குது." வேறு சிம் போட்டார். அணைத்துப் போட்டார். பதினொரு மணிக்கு நான், பஸ் பிடித்து டவுனுக்குப் போய் பிரவுசிங் சென்டரில் அனுப்பிவிடட்டுமா என்று கேட்டேன். "அரை மணி நேரம் குடுங்க அம்மிணி" என்றார். பன்னிரண்டரைக்கும் அதையே சொன்னார். போனிலிருந்து நெட் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, நான் ஏதோ தகாததைச் சொன்னதுபோலப் பார்த்தார். "அது அடுத்த ஊட்டுல கொக்கி போட்டுக் கரண்டு எடுக்கற மாதிரிங்க. வெளக்கு எரியும். நம்மூட்டுல என்ன கோளாறுன்னு தெரியாமயே போயிரும்."

மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார். "ஏனுங்ணா, டெண்டரு பஸ்ஸு கட்டறதுக்குங்களா, இந்த மிஷினைக் கட்டறதுக்குங்களா?"

"கொஞ்சம் பொறுங்க மேஸ்திரி. நெருங்கிட்டேன்."

"நீங்க நெருங்கறது இருக்கட்டுங்க. மூணு மணியும் நெருங்குது."

இரண்டு இருபதுக்கு அவர் எழுந்தார். பழைய ஃபர்ம்வேர் ஒரு பென் டிரைவில் இருக்கிறது, அதையே திரும்ப ஏற்றிவிடுகிறேன், இதோ எடுத்து வாரேன் என்று மொபெட்டில் போனார். மொபெட் சத்தம் தேயும்வரை நானும் மேஸ்திரியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு மேஸ்திரி தன் போனை எடுத்து ஹாட்ஸ்பாட் போட்டு ஜன்னல் மேல் வைத்தார். பன்னிரண்டு வரைபடங்களும் ஒவ்வொன்றாக ஏறின. இரண்டு நாற்பத்தாறுக்கு, பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது. மேஸ்திரி போனைப் பையில் போட்டுக்கொண்டு கொட்டகைக்குள் போய்விட்டார்.

அவர் தலையில் ஹெல்மெட்டோடேயே உள்ளே ஓடி வந்தார். சட்டை முழுவதும் வியர்வை.

"ஏத்தியாச்சுங்க" என்றேன்.

"எப்படீங்க?"

அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தான். ஆனால் பென் டிரைவைக் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவர் நின்ற விதத்தைப் பார்த்து எனக்கு அது வாயில் வரவில்லை. வந்தது வேறு.

"தானா வந்துருச்சுங்க."

உலகத்தில் உள்ள அத்தனை பதிலையும் விட்டுவிட்டு அவரிடம் சொல்லக் கூடாத அந்த ஒன்றைச் சொன்னேன். அவர் உட்கார்ந்து ஏதோ அடித்தார். வரிவரியாக மேலே ஓடியது. விரலால் திரையைத் தடவிக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நிறுத்தினார். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றினார். "செரிங்க அம்மிணி. டெண்டர் போயிருச்சில்லீங்க, சந்தோசம்" என்றார். டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

எதனால சரியாச்சு என்று கேட்கவே இல்லை. களைத்துப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

டெண்டர் எங்களுக்கே கிடைத்தது. இரண்டாம் கொட்டகை திறந்தே இருந்தது. மோடம் மட்டும் ஓடவில்லை. அது முதலாளிக்குத் தெரியாது; அவரிடமும் தானாக வந்துவிட்டது என்றே சொல்லியிருந்தேன். தினமும் பதினொரு மணிக்கு மேஸ்திரி உள்ளே வந்து போனை ஜன்னல் மேல் வைப்பார், அரை மணியில் எடுத்துக்கொண்டு போவார். அந்த அரை மணியில் நான் அன்றைய வேலையை முடித்துவிடுவேன். மாடி அறைக்காரர் சனிக்கிழமை மாலைதோறும், முதலாளி வீட்டுக்குப் போன பிறகு, தவறாமல் வந்தார். "இந்த வாரம் தானா வந்துச்சுங்களா?" என்று கேட்பார். "இல்லீங்க" என்பேன். "செரிங்க" என்று உட்கார்ந்து வேலையை ஆரம்பிப்பார். பழைய ஃபர்ம்வேர் இருந்த பென் டிரைவை மட்டும் தொடவில்லை; அதை ஏற்றினால் ஓடிவிடும், எதனால் என்று தெரியாமல் போய்விடும்.

பெரிய சங்கடம் முதலாளியின் சந்தோஷத்தில் வந்தது. முதலாளியின் மச்சானுக்குத் திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் ஆபீஸ். வடக்கே போகிற வண்டிகளுக்கு இதே மாதிரி நான்கு லேப்டாப் வேண்டும் என்று முதலாளி அவரை வரச் சொன்னார். பட்டறை ஆட்கள் எல்லோரும் அப்போது டீக்கு வந்து நின்றிருந்தார்கள்.

"இப்பத் தர முடியாதுங்க" என்றார் அவர். "மோடத்துல என்ன கோளாறுன்னு இன்னும் தெரியலீங்க. தெரியாமக் குடுத்தா, அங்க எங்கியோ காட்டுக்குள்ள போயி நின்னுக்கும்."

"என்ற ஆபீசுல ஓடுதுங்களே?"

அவர் டீயை ஊதிக் குடித்தார்.

முதலாளி டீ டம்ளரை வைத்துவிட்டு எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். "எனக்குத் தெரியுமுங்க உங்க கோவம். நீங்க அஞ்சு மணி நேரம் தொட்டு ஓடலீங்க. நீங்க எந்திரிச்சுப் போன பொறகு ஓடிருக்குதுங்க. எங்க அம்மிணி கைராசி. அதைச் சொல்ல உங்களுக்கு மனசு வரலீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மேஸ்திரி சிரிக்கவில்லை. நான் டீ டம்ளர்களைப் பொறுக்க ஆரம்பித்தேன். அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். பிறகு, "அப்படியும் இருக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டு மொபெட்டை எடுத்தார்.

முதலாளி சேலத்தில் வேறு ஆளிடம் நான்கு லேப்டாப் வாங்கினார். கைராசிக் கதையையும் போகிற இடத்திலெல்லாம் சொன்னார். சாலையில் எங்களுக்கு அடுத்தடுத்து இருந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடை, லாரி புக்கிங் ஆபீஸ் எல்லாமே மாடி அறைக்காரருடைய வாடிக்கை. ஒவ்வொன்றாக விட்டுப்போனது.

"அக்கா, சொல்லிருங்க்கா" என்றார் மேஸ்திரி. "அந்த மனுசன் பேரு கெடுது."

"நாளைக்குச் சொல்லிர்றேன்."

"மூணு வாரமா நாளைக்குன்னுதான் சொல்றீங்க."

"நீங்க சொல்லுங்களே."

"போனு என்றதுங்க. பொய்யி உங்களுது."

முதலாளியிடம் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். டெண்டர் கிடைத்த மகிழ்ச்சியில் ஒன்றும் ஆகாது. மாடி அறைக்காரரிடம் சொல்வதுதான் முடியவில்லை. இரண்டு தடவை மாடிப்படி வரை போனேன். டயர் ரப்பர் வாசனை பிடிக்காததுபோல முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

ஐந்தாவது வாரம் அவர் சனிக்கிழமை மாலைக்குக் காத்திருக்காமல் வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கே வந்தார். முகம் தெளிவாக இருந்தது. "கெடச்சிருச்சுங்க அம்மிணி."

புது ஃபர்ம்வேர் மோடத்துக்கு ஒரு பூட்டுப் போட்டிருக்கிறது. லேப்டாப் ஒரு கடவுச்சொல்லைச் சொன்னால்தான் ரேடியோ எழுந்திருக்கும். விண்டோஸ் அதை யாருக்கும் சொல்லாமல் தானே சொல்லிவிடும். லினக்ஸிலும் அந்தச் சொல் இருக்கிறது. எழுதியவர்கள் உள்ளேயே வைத்திருக்கிறார்கள். ஆனால் திறக்கவா என்று உடைமைக்காரர் ஒரு தடவை சம்மதம் சொல்லாமல் அது திறக்காது. "பூட்டும் உள்ள, சாவியும் உள்ளீங்க. நான் ஒருத்தன்தான் அஞ்சு வாரமா வெளிய நின்னு கதவைத் தட்டிட்டு இருந்திருக்கேன்." இரண்டு வரி அடித்தார். மோடத்தை எழுப்பினார். திரையின் மூலையில் கோடுகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. நெட் வந்துவிட்டது. அவர் அதை நிறுத்தி, மறுபடி எழுப்பி, மறுபடி நிறுத்திப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் வந்தது. எதனால் என்று இப்போது தெரியும் என்பதால், நிறுத்துவதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

சரியாகப் பதினொரு மணிக்கு மேஸ்திரி உள்ளே வந்தார். கொட்டகையில் யாருடனோ பேசிக்கொண்டே வந்தவர், உள்ளே உட்கார்ந்திருந்தவரைக் கவனிக்காமல் போனை ஜன்னல் மேல் வைத்துவிட்டுத் திரும்பினார். திரும்பிய பிறகுதான் பார்த்தார்.

மூன்று பேரும் போனையே பார்த்தோம்.

"எடுத்துக்குங்க மேஸ்திரி" என்றார் அவர். "இனிமே உங்களுக்குச் சிரமம் இல்லீங்க."

மேஸ்திரி போனை எடுத்துக்கொண்டு, வந்த வேகத்திலேயே போய்விட்டார்.

"உங்களுக்கு எப்பத் தெரியுமுங்க?" என்று கேட்டேன்.

"அன்னைக்கேங்க. மிஷினு எல்லாத்தையும் எழுதி வெச்சுக்கும் அம்மிணி. ரெண்டு இருபத்தாறுக்கு மேஸ்திரி போனு சேருது, ரெண்டு நாப்பத்தெட்டுக்குப் போகுது. போனுக்கு வெச்ச பேரே வந்துருச்சுங்க."

"அப்பறம் முதலாளி எல்லாரு முன்னாடியும் அப்படிச் சொன்னப்ப…"

அவர் சார்ஜர் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். அவசரமில்லாமல், சிக்கல் விழாமல் சுற்றினார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை எதனாலன்னு கேட்டிருக்கலாமில்லீங்க?" என்றேன்.

"அது எதனாலன்னு எனக்குத் தெரிஞ்சிருச்சுங்க. தெரிஞ்சதை நான் கேக்கறதில்லீங்க."

பையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலையே முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "இப்ப ஓடுதில்ல? அப்பறம் என்ன போ" என்றார். கைராசிக் கதையை அதன் பிறகும் இரண்டு பேரிடம் சொல்வதைக் கேட்டேன். அடுத்த வருடம் மாடி அறைக்காரர் அறையைக் காலி செய்துவிட்டு மகள் வீட்டோடு ஓசூருக்குப் போய்விட்டதாகத் தெரிந்தது.

நான் ஏன் அன்று பொய் சொன்னேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். பயம் என்றால், அவரிடம் பயப்பட ஒன்றுமில்லை. பாவம் பார்த்து என்றால், அதன் பிறகு ஐந்து வாரம் நான் பார்த்தது என்ன பாவம்? கூச்சம் என்று சொல்லிக்கொள்ளலாம், பாதிதான் சரியாக வருகிறது. மேஸ்திரியிடம் கேட்டேன். "உங்களுக்கே தெரியலைன்னா எனக்கு எப்படீங்க்கா தெரியும்?" என்றார். தெரிந்தவர் ஓசூரில் இருக்கிறார். அவர் நம்பர் என்னிடம் உண்டு. அடித்தால் எடுப்பார். "சொல்லுங்க அம்மிணி" என்பார். அதற்குப் பிறகு நான் கேட்க வேண்டும்.